திருச்சபையும் நம் ஊர்களின் மறுமலர்ச்சியும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

ஒரு கிறித்தவத் திருச்சபை தான் நிற்கும் ஊரைப் புதுப்பிப்பதில் என்ன பங்காற்ற முடியும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். செயலாளர் அவர்கள் இதனைச் சொன்னபோது முதலில் தயங்கினேன். நம் கழகத்தில் சபையைச் சார்ந்தவர்கள் உண்டு. கோயிலுக்குச் செல்பவர்கள் உண்டு. இரண்டிற்கும் செல்லாதவர்களும் உண்டு. மதத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்து 25 ஆண்டுகள் பேசிய கழகம் இது. மேலும் நான் போதகன் அல்லன். அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். எனவே நான் வேதபாடம் நடத்தப் போவதில்லை. நம் குமரி மாவட்டத்து மண்ணில் நடந்தவற்றையும், எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் நடந்ததையும், இனி நடக்க வேண்டியதையும் வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அமர்ந்துகொள்கிறேன்.

மயிலாடி என்னும் ஊரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இன்று கற்சிற்பத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். 18ஆம் நூற்றாண்டு முடிந்துகொண்டிருந்த காலத்தில் அவ்வூரில் மகாராசன் என்று ஒருவர் வாழ்ந்தார். நம்மவர், சாம்பவர் குலத்தில் பிறந்தவர். கடவுளைத் தேடும் தாகம் மிகுந்தவர். தம் மருமகனையும் அழைத்துக்கொண்டு சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். அங்கே அவர் தேடிய அமைதி கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறித்தவர்களாக வாழ்ந்துவந்த உறவினரைக் கண்டார். அங்கு ஊழியம் செய்துவந்த கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்னும் புதுப் பெயருடன் ஊர் திரும்பினார்.

ஊர் அவரை வரவேற்கவில்லை. அவரும் அவரைச் சேர்ந்தோரும் பல தொல்லைகளுக்கு ஆளாயினர். திருவிதாங்கூரை விட்டே குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட எண்ணினர். அந்நிலையில் வேதமாணிக்கம் மீண்டும் தஞ்சைக்குச் சென்றார். எங்களுக்கு ஓர் ஆசிரியரை அனுப்புங்கள் என்று கேட்டார். அதன் பயனாகத்தான் தரங்கம்பாடியில் இருந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர், 1806ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து சேர்ந்தார். 1809ஆம் ஆண்டில் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கூடவே பள்ளியும் எழுந்தது. லண்டன் மிஷனின் தென்திருவிதாங்கூர்ப் பணி அனைத்திற்கும் வேர் அந்த ஊரில் இருக்கிறது.

இங்கே நான் சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வரலாற்றை நாம் எப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம்? 'மிஷனெரிமார் வந்தனர், ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்வி கொடுத்தனர்' என்கிறோம். நம் பேச்சாளர்களும் இப்படியே பேசுகின்றனர். மலர்களிலும் இப்படியே எழுதுகின்றனர். பல ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அவ்வாக்கியத்தின் எழுவாய் தவறு. சென்றவர் வேதமாணிக்கம், கேட்டவர் வேதமாணிக்கம், அழைத்துவந்தவரும் அவரே. ரிங்கல்தௌபே 1816ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றி இந்நாட்டை விட்டுச் சென்றபோது சபைகளின் பொறுப்பை யார் கையில் கொடுத்தார்? வேதமாணிக்கத்தின் கையில்தான். 1818ஆம் ஆண்டில் மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டாண்டு காலம் அச்சபைகளை வெள்ளையர் எவரும் நடத்தவில்லை. மயிலாடிச் சாம்பவர் ஒருவர் நடத்தினார். இளைஞர்களே, சபை நமக்கு வெளியிலிருந்து வந்து விழுந்த கொடை அன்று. நம் பாட்டன் ஒருவன் வேண்டி அழைத்துவந்தது அது. எனவே அதனிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு; கணக்குக் கேட்பதற்கும் உண்டு.

ரிங்கல்தௌபே எளிய மனிதர். சம்பளத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார் என்பர். ஆயினும் அவருக்கு நம்மவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆன்ம ஈடேற்றத்தை நாடி வருவதாகச் சொல்லிக்கொண்டு, வரிச்சுமையிலிருந்தும் ஊழிய வேலையிலிருந்தும் தப்பிக்கவே மக்கள் தம்மிடம் வருகின்றனர் என்று அவர் வருந்தினார்.

அன்றைய 'ஊழியம்' இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இன்று ஆலயத்தில் பயன்படும் அச்சொல்லுக்கு அன்று பொருள் வேறு. அரசுக்கும் ஆதிக்கத்தாருக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்று பெயர். அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. பறையரும் புலையரும் அடிமைகளாய், நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர். பொதுவழியில் நடக்கவும் தடை. இந்நிலையிலிருந்த ஒருவன் விடுதலையை நாடி ஒரு வாசலைத் தட்டினான் என்றால், அது எவ்வகையில் குறைவான நோக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. முதுகில் பாரத்தோடு வந்தவனைப் பார்த்து, பாரத்தை இறக்கவா வந்தாய் என்று வருந்துவதற்கு என்ன இருக்கிறது? ரிங்கல்தௌபேயின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்த ஓரிடத்தில் அவர் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். இன்றும் சில போதகர்கள், 'உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் மட்டுமே வருகிறார்கள்' என்று சலித்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு அந்த 200 ஆண்டுப் பழைய சலிப்பு நினைவிற்கு வருகிறது.

நல்ல வேளையாக, அவருக்குப் பின் வந்தவர்கள் வாசலைத் தட்டியவனின் பாரத்தையும் பார்த்தனர். மீட் ஐயர் நாகர்கோவிலைத் தலைமையிடமாக்கினார். 1820ஆம் ஆண்டளவில் அங்கே அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். திருவிதாங்கூர் நாட்டின் முதல் அச்சுக்கூடம் அதுவே என்பர். எழுத்தே நமக்கு விலக்கப்பட்டிருந்த நாட்டில், எழுத்தை ஆயிரக்கணக்கில் பெருக்கும் பொறி வந்திறங்கியது. மயிலாடியில் தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்டு, வளர்ந்து, இன்று ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக நிற்கிறது. மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைத் திரட்டி எழுத்தையும், லேஸ் பின்னும் கைத்தொழிலையும் 1820களில் ஒருங்கே கற்பித்தார். அப்பிள்ளைகளுள் அடிமைக் குடும்பத்தைச் சேர்ந்தோரும் இருந்தனர். லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் ஏடுகள் கூறுகின்றன. இதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தையல் வகுப்பு என்றால் ஏளனமாகப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.

1847ஆம் ஆண்டில் மிஷனெரிமார் ஒன்றுகூடி அடிமைகளை விடுவிக்குமாறு மகாராசாவுக்கு விண்ணப்பம் அளித்தனர். 1853ஆம் ஆண்டில் ஓரளவும், 1855ஆம் ஆண்டில் முழுமையாகவும் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணைகள் வெளிவந்தன. விண்ணப்பம் மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. சென்னை அரசின் வற்புறுத்தல் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. தோள்சீலைப் போராட்டத்தையும் இவ்வாறே நிறுத்துப் பார்க்க வேண்டும். 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வந்த அறிக்கை சாணார் பெண்களைக் குறித்தே பேசியது. நம் தாய்மார் இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதேபோல், சாமிதோப்பில் வைகுண்டர் மூட்டிய தன்மான உணர்வையும், வடக்கே அய்யன்காளி 1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கம் கண்டு பள்ளிக் கதவுகளைத் தட்டியதையும் விட்டுவிட்டு, எல்லாம் சபையால் ஆயிற்று என்று சொன்னால் அது வரலாறு ஆகாது.

இனிக் கசப்பான பக்கத்திற்கு வருகிறேன். அதை மறைத்துவிட்டுப் பேசுவது விழா மேடைக்கு வேண்டுமானால் அழகாக இருக்கும்.

மேலே சொன்ன மீட் ஐயர், ஏறத்தாழ 30 ஆண்டுகள் இச்சபைகளுக்காக உழைத்தவர். மனைவியை இழந்த நிலையில், 1850களின் தொடக்கத்தில், நம் குலத்துக் கிறித்தவர் ஒருவரின் மகளான லோயிஸ் என்பவரை மணந்துகொண்டார். பறையர் மகளை மணந்த அச்செயலை உடன் பணியாற்றிய மிஷனெரிமார் ஏற்கவில்லை. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக அமர்த்திக்கொண்டது. பெஞ்சில் ஒன்றாக உட்காரலாம், பாடலை ஒன்றாகப் பாடலாம், ஆனால் வீட்டிற்குள் வரக்கூடாது என்பது அன்றைய கணக்கு. அண்டை மாவட்டமாகிய திருநெல்வேலியின் வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில் இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாதபடி இரு கிளைகளாகக் கட்டடமே பிரிந்து நின்றது. இடைச்சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. சாதி வேற்றுமை சபைக்குள் உடனே ஒழிய வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தது 1833ஆம் ஆண்டில். அவ்வறிக்கையை எதிர்த்துச் சபையை விட்டு வெளியேறினவர்கள் உண்டு.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். நான் பி.எட். பயின்ற நாள்களில் உடன் பயின்ற நண்பர் ஒருவரின் தந்தையார் காலமானார். அடக்கத்திற்கு வேறொரு மாவட்டத்திலிருந்த அவர் ஊருக்குச் சென்றேன். ஊரின் பெயரும் சபையின் பெயரும் இங்கே வேண்டாம். ஆலயத்திற்கென்று பிணவண்டி ஒன்று இருந்தது. அது எங்கள் நண்பரின் தெருவுக்கு வரவில்லை. தோளில் சுமந்து சென்றோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆளுயரச் சுவர் ஒன்று இருந்தது. சுவரின் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சுமந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. என் நண்பர் இன்றும் சபையை விடவில்லை. ஏன் விடவில்லை என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, 'சுவர் கட்டினவன் போகட்டும், நான் ஏன் போகவேண்டும்?' என்றார்.

அரசமைப்பின்கீழ் 1950ஆம் ஆண்டில் வெளிவந்த பட்டியல் சாதியினர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியலில் ஏற்றது. 1956ஆம் ஆண்டில் சீக்கியரும், 1990ஆம் ஆண்டில் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான நம்மவர் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். மதம் மாறிய பின்னும் சாதியின் தாழ்வு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985ஆம் ஆண்டு சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2007ஆம் ஆண்டில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022ஆம் ஆண்டில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் சட்டமன்றம் இவ்வுரிமையைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024ஆம் ஆண்டு நவம்பரிலோ, கிறித்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் சொந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நானும் என் சிற்றப்பா மகனும் ஒரே முற்றத்தில் வளர்ந்தோம். ஒரே கிணற்றில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டோம். அவன் பட்டியல் சாதி, நான் பிற்படுத்தப்பட்டோர். கிணற்றடியில் எங்களைத் தடுத்தவர் சான்றிதழைக் கேட்டுத் தடுக்கவில்லை. இப்போது அவன் பேரூராட்சியில் தனித்தொகுதியில் நிற்கலாம். நான் நிற்க முடியாது. இதற்காக அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் சபைத் தலைவர்கள் இக்கோரிக்கையை ஆண்டுக்கொரு நாள் கறுப்புக்கொடி பிடிப்பதோடு முடித்துக்கொள்கின்றனரே என்ற வருத்தம் இருக்கிறது. உள்ளே சுவரை வைத்துக்கொண்டு வெளியே நீதி கேட்பவரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

இனி என் ஊர்க் கதை.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருவில் மின்விளக்கு முதன்முதலில் எரிந்தது ஆலயத்தில்தான். ஓலைக் கூரைதான், ஆனால் விளக்கு இருந்தது. உபதேசியார் ஒருவர் இருந்தார். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. மாலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்துவைத்து, தெருப் பிள்ளைகள் அனைவரையும் பாயில் உட்காரவைப்பார். யார் வீட்டுப் பிள்ளை, ஞானஸ்நானம் பெற்றதா என்று அவர் கேட்டதே இல்லை. எழுத்துப் பிழைக்கு மட்டும் காதைத் திருகுவார். ஒன்பது மணிக்கு ஒரு சிறு ஜெபம்; வேண்டாதவர்கள் வெளியே போய் நிற்கலாம். யாரும் போனதில்லை, போனால் பின்னால் கொடுக்கும் அவித்த மரச்சீனிக் கிழங்கு கிடைக்காது என்பது ஒரு காரணம். அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களுள் இருவர் ஆசிரியரானோம், ஒருவர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றார், ஒருவர் செவிலியர். என் சிற்றப்பா மகன் வங்கியில் இருக்கிறான். ஐயோ, அந்த விளக்கு இல்லாதிருந்தால் நாங்கள் என்னாவோம் என்று நாங்கள் கூடும்போதெல்லாம் பேசிக்கொள்வோம்.

இன்று அதே இடத்தில் அழகிய ஆலயம் நிற்கிறது. வளைகுடா நாடுகளில் உழைத்த நம் பிள்ளைகளின் பணம் அது. கோபுரம், டைல்ஸ் தரை, சுற்றுச்சுவர், கம்பிக்கதவு எல்லாம் உண்டு. கம்பிக்கதவு ஞாயிற்றுக்கிழமை காலையும், இடையில் ஒருநாள் ஜெபக்கூட்டத்திற்கும் திறக்கும். மற்ற நேரமெல்லாம் பூட்டு.

மூன்றாண்டுகளுக்கு முன் என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வீடு அவ்வாலயத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய ஒற்றை அறை. ஆறு பேர். தந்தை மாலையில் குடித்துவிட்டு வருபவர். கணிதத்தில் தொடர்ந்து தோற்றாள். வரவழைத்துக் கேட்டேன். 'உக்காந்து படிக்க எடமில்ல சார்' என்றாள். நான் அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பதடி தொலைவில் 200 பேர் உட்காரத்தக்க கூடம் பூட்டிக்கிடக்கிறது என்பதும், அதன் செயலர் எனக்கு நன்கு பழகியவர் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கத் தோன்றவில்லை. உபதேசியாரின் பாயில் உட்கார்ந்து படித்த எனக்கே தோன்றவில்லை. அவள் பொதுத்தேர்வில் தோற்று, துணைத்தேர்வும் எழுதாமல், முந்திரி ஆலைக்குப் போய்விட்டாள். வழியில் காணும்போது இன்றும் வணக்கம் சொல்கிறாள். தோலுரித்த முந்திரியின் பால்பட்டுக் கறுத்த விரல்கள். நான் குனிந்துகொண்டு போகிறேன்.

அதன்பிறகே சென்ற ஆண்டில் போதகரையும் சபைக் குழுவினரையும் சென்று கண்டேன். எடுத்த எடுப்பில் மறுப்புத்தான். தரை அழுக்காகும், மின்கட்டணம் யார் கொடுப்பது, சபையைச் சேராத பிள்ளைகள் வந்தால் பேச்சு வருமே, பெண்பிள்ளைகள் வந்துபோவதற்குப் பொறுப்பு யார்? கடைசிக் கேள்வி நியாயமானது. மற்றவற்றிற்கு நான் விடை சொல்லுமுன் குழுவிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, 'உபதேசியார் காலத்துல சாணி மெழுகின தரையில பிள்ளைய படிச்சுது. இப்பம் தரைக்குப் பிள்ளைய ஆவாதோ?' என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. ஆலயத்தின் பக்கக் கூடத்தை வாரத்தில் மூன்று மாலை திறக்க இசைந்தனர். மின்கட்டணத்தை நம் கழகம் ஏற்றது. பெண்பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிடும் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஏற்றனர். இப்போது 27 பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுள் சபையைச் சேராதோர் ஏறத்தாழ பாதி.

சபையால் ஆகக்கூடிய வேறு சிலவும் உண்டு. ஆதிதிராவிட வகுப்பிலிருந்து மதம் மாறிய கிறித்தவ மாணவர்க்கும் மேற்படிப்பு உதவித்தொகை பெற நம் மாநில அரசு வழி வைத்துள்ளது. நம்மவர் பலர் இதை அறியாது, பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்றிதழைப் பார்த்ததும் நமக்கு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகின்றனர். ஞாயிறு ஆராதனையில் திருமண அறிக்கை வாசிக்கிறார்களே, ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் இதையும் வாசித்தால் என்ன குறைந்துவிடும்? பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கரையான் தின்ன விடாமல் காப்பதும் சபையின் கடமை. வருவாய்த்துறை ஏட்டில் நிலம் உடையவனின் பெயர் இருக்கும். நிலமற்ற நம் முப்பாட்டனாரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் ஏறியது பெரும்பாலும் அப்பதிவேடுகளில்தான். குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு நாள் வேண்டும். மேடையில் கண்டித்துவிட்டு இறங்குவதால் அது தீராது.

இனி என் விண்ணப்பம். செவ்வாய், வியாழன், வெள்ளி மாலைகளில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை. நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருமே மாறிமாறிச் செல்கிறோம். பட்டம் முடித்துவிட்டுத் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் இக்கூட்டத்தில் குறைந்தது பதினைந்து பேராவது இருப்பீர்கள். வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம். அந்த முந்திரி ஆலை மாணவியின் தங்கை இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு; அவளும் வருகிறாள்; அவளுக்கும் கணிதமே தகராறு. விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் வாயிலருகே மேசையில் உள்ள குறிப்பேட்டில் பெயரையும் வரக்கூடிய நாளையும் எழுதிச் செல்லுங்கள். கூடத்தின் சாவி மாலை ஆறரை மணிக்கு மேல் போதகர் இல்லத்தில் கிடைக்கும்.